144 ஆத்தங்குடி கற்களை வானத்திலிருந்து இறக்கிய கதை

சென்னையில் ஆறு ஆண்டுகள் ஒரு ஸ்டுடியோவில் மோஷன் கிராஃபிக்ஸ் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் காரைக்குடிக்கே திரும்பி வந்து, வீட்டு மாடியறையில் இருந்தபடி தொழில் செய்கிறேன். திருமண அழைப்புக் காணொளி, நகைக்கடை விளம்பரம், பள்ளி ஆண்டுவிழாத் தலைப்பு என்று வேலைக்குக் குறைவில்லை. ஆனால் ஐப்பசிக் கடைசியில் கைக்கு வந்த ஒரு வேலை என்னை 27 நாட்கள் புரட்டி எடுத்துவிட்டது. ஸ்டுடியோவில் இருந்தவரை சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துக் கேட்கலாம். இங்கே நானும் கணினியும்தான். யாராவது ஒருவர் முன்கூட்டி நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பணமும் தூக்கமும் மிஞ்சியிருக்கும். அந்த நான்கு வார்த்தையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை கொடுத்தவர் ஆத்தங்குடி கல், அதாவது ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூ வேலைப்பாடுள்ள சிமெண்டுத் தரைக்கல், வியாபாரம் செய்பவர். தூரத்துச் சொந்தம் வழியாக வந்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சென்னையில் புதிதாக ஒரு விற்பனைக் கூடம் திறக்கிறார், கார்த்திகையில் முகூர்த்தம், வாசலில் பெரிய திரை. அதில் ஓடுவதற்கு 20 நொடிப் படம் வேண்டும். பர்மா தேக்குத் தூண்கள் சுற்றி நிற்கும், கூரையில்லாத ஒரு கூடம். வானத்திலிருந்து கற்கள் விழுகின்றன. விழுந்து, உருண்டு, தாமாகவே வரிசையில் அமர்ந்து, தரை முழுவதும் ஒரு பெரிய தாமரையாக விரிகிறது. பதினான்காவது நொடியில் மேளம் விழும்போது நடுவிலுள்ள நான்கில் கடைசிக் கல், அதாவது நடுக்கல், வந்து அமர வேண்டும். வரிசைக்குப் பன்னிரண்டு வீதம் பன்னிரண்டு வரிசை, மொத்தம் 144 கற்கள். கூலி 85,000 ரூபாய், முன்பணம் 25,000, கெடு 21 நாட்கள். கேட்டவுடன் மனம் துள்ளியது. கற்களுக்கு எடையைக் கொடுத்து, புவியீர்ப்பைக் கொடுத்துவிட்டால் விழுவதைக் கணினி பார்த்துக்கொள்ளும், நான் ஒளியமைப்பை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். தேவகோட்டையிலிருந்து வந்த 30,000 ரூபாய் திருமண வேலை ஒன்றை அந்தத் தைரியத்தில்தான் வேண்டாம் என்று சொன்னேன்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு வரி. ஒரு பொருளை அசைக்க இரண்டு வழிகள் உண்டு. இந்த ஃபிரேமில் (படத்தின் ஒரு தனிச் சட்டகத்தில்) இங்கே இரு, அந்த ஃபிரேமில் அங்கே இரு என்று கீஃப்ரேம் வைத்து நாமே அசைப்பது ஒன்று. எடை, உராய்வு, துள்ளல், காற்று இவற்றைச் சொல்லிவிட்டு அசைவைக் கணினியே கணக்கிட விடுவது இன்னொன்று. அதற்குப் பெயர் சிமுலேஷன். முதல் வழியில் எல்லாம் நம் கையில் இருக்கும், ஆனால் 144 கற்களை ஒவ்வொன்றாக அசைத்தால் விரல் தேயும். இரண்டாவதில் உயிர் தானாக வரும், ஆனால் பிடி நம்மிடம் இருக்காது. நான் பயன்படுத்துவது பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். அதில் திடப்பொருள்களின் மோதலைக் கணக்கிடுவது புல்லட் என்ற இயற்பியல் நிரல். கீழே சொல்லும் எண்கள் அதற்கானவை. வேறு மென்பொருளில் பெயர்கள் மாறும், தொல்லை மாறாது.

நான்கு நாட்களில் தூணும் கூடமும் கற்களும் தயார். ஐந்தாம் நாள் முதல் சிமுலேஷனை ஓடவிட்டேன். பத்தாவது நொடியில் கற்கள் அத்தனையும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டன. ஒரு பகல் முழுக்கத் தேடிய பிறகுதான் தெரிந்தது: சிமுலேஷனின் நினைவகம் இயல்பாக 250ஆவது ஃபிரேமோடு முடியும்படி இருக்கும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 20 நொடிக்கு 500 ஃபிரேம் வேண்டும். அந்த எண்ணை நாம்தான் நீட்ட வேண்டும். சின்ன விஷயம், ஆனால் தனியாக இருப்பவருக்கு அது ஒரு நாள்.

அதைச் சரிசெய்து முன்னோட்டத்தை அனுப்பினேன். அண்ணன் பார்த்துவிட்டு, "கல் பஞ்சு போல இறங்குகிறதே அம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. புவியீர்ப்பு 9.81 என்று சரியாகத்தான் இருந்தது. எடையைக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. மாறாது என்பது பள்ளிப் பாடம். எடை எதுவானாலும் விழும் வேகம் ஒன்றுதான். பதற்றத்தில் அதுகூட மறந்துவிட்டது. உண்மையான குற்றவாளி அளவு. வசதிக்காக ஒவ்வொரு கல்லையும் ஒரு மீட்டர் சதுரமாகச் செய்து வைத்திருந்தேன். எட்டங்குலக் கல்லின் அளவு 20 சென்டிமீட்டர்தான். கல்லும் கூடமும் தூணும் எல்லாமே ஐந்து மடங்கு பெரிதாக இருந்தன. திரையில் பார்ப்பவருக்கு அது மூன்று மீட்டர் உயரம் போலத் தெரியும், கணினிக்கோ பதினைந்து மீட்டர். மூன்று மீட்டர் விழ 0.78 நொடி போதும். பதினைந்து மீட்டர் விழ 1.75 நொடி ஆகும். கண் இந்தக் கணக்கைப் போடாது, ஆனால் ஏதோ மிதக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிடும். எதையும் உண்மையான அளவில் செய்யுங்கள். ஒரு கல்லைக் கையில் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து, அந்த எண்ணையே போடுங்கள். ஆத்தங்குடியில் பிறந்து வளர்ந்த கல் எங்கள் வீட்டுத் தரை முழுக்க இருக்கிறது. ஐந்து நாள் அதன் மேல் நடந்துகொண்டே அளக்காமல் இருந்தேன்.

அளவைச் சரிசெய்ததும் புதிய தொல்லை தொடங்கியது. இப்போது கற்கள் தரையைத் தொடவே இல்லை, நான்கு சென்டிமீட்டர் மேலேயே நின்றன. மோதலைக் கணிக்க மென்பொருள் பொருளைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத விளிம்பு வைத்துக்கொள்கிறது. அதன் இயல்பான அளவு 0.04 மீட்டர். பெரிய பொருளுக்கு அது தெரியாது. என் கல்லின் கனமே இரண்டு சென்டிமீட்டர்! விளிம்பை ஒரு மில்லிமீட்டராகக் குறைத்தேன். உடனே சில கற்கள் தரையைப் பொத்துக்கொண்டு கீழே போயின. இதற்கும் கணக்கு உண்டு. மூன்று மீட்டர் விழுந்த கல் நொடிக்கு 7.67 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு ஃபிரேமுக்கு 30 சென்டிமீட்டர். ஃபிரேமைப் பத்தாகப் பிரித்துக் கணக்கிட்டாலும் ஒவ்வொரு துணைப்படிக்கும் மூன்று சென்டிமீட்டர் நகர்கிறது. இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள கல், கனமே இல்லாத ஒரு தளத்தை ஒரே எட்டில் தாண்டிவிடும். தரையை வெறும் தளமாக வைக்காமல் ஒரு மீட்டர் கனமுள்ள பெட்டியாக மாற்றினேன், துணைப்படிகளை நாற்பதாக உயர்த்தினேன். அதன் பிறகுதான் கல் கல்லாக விழுந்தது. எட்டாம் நாள் இரவு அந்த முதல் சரியான வீழ்ச்சியைப் பார்த்து அம்மாவை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம். எல்லாம் முடிந்தது என்றே நினைத்துவிட்டேன்.

உண்மையான துன்பம் அதற்குப் பிறகுதான். கற்கள் அழகாக விழுந்தன, ஆனால் எங்கு விழ வேண்டுமோ அங்கு விழவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் குவிந்தன. ஒரு கல்லின் தொடக்கச் சாய்வை ஒரு பாகை மாற்றினால், அது பக்கத்துக் கல்லில் வேறு மூலையில் இடித்து, அது அடுத்ததை இடித்து, குவியல் முழுக்க வேறாகிவிடும். ஒன்பதாம் நாள் முதல் பதின்மூன்றாம் நாள் வரை இதே பிழைப்பு. ஓர் எண்ணை மாற்றுவது, ஓடவிடுவது, பார்ப்பது, மறுபடியும் மாற்றுவது. தாமரையின் இடது பாதி சரியாக வந்தால் வலது பாதி கெடும். கெட்டதைச் சரிசெய்தால் நன்றாக இருந்தது போய்விடும். நன்றாக வந்த ஓட்டங்களைச் சேமித்து வைக்கவும் தோன்றவில்லை. ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று செய்தித்தாளில் போட்டிருந்ததைப் பார்க்கத் தவறினேன். காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனபோது முந்தைய இரவு வந்த மிக நல்ல ஓட்டமும் சேர்ந்து போனது. அதே எண்களைத் திரும்பக் கொடுக்கலாமே என்று கேட்கலாம். எந்தக் கல்லை எவ்வளவு திருப்பினேன் என்று எழுதி வைத்திருந்தால்தானே? இப்போது மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எண், என்ன மாற்றினேன், எது நன்றாக இருந்தது, கோப்பின் பெயர் என்ன என்று ஒரு வரி எழுதாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. பிடித்த ஓட்டத்தை உடனே பேக் செய்து, அதாவது கணக்கிட்ட அசைவை மாறாதபடி பதித்து, கோப்பை வேறு பெயரில் சேமித்துவிடுகிறேன்.

கற்களை அதனதன் இடத்துக்கு இழுக்க ஈர்ப்பு விசை ஒன்றை வைத்தும் பார்த்தேன். அமர்ந்தன, ஆனால் காந்தத்துக்கு ஓடும் இரும்புத்தூள் போல அமர்ந்தன. கல்லின் கனம் ஒரே நொடியில் காணாமல் போயிற்று. பதினான்காம் நாள் ஒரு குறுக்கு வழி தோன்றியது: எல்லாக் கற்களையும் தாமரை வடிவில் சரியாக அடுக்கி, கீழிருந்து மேலே தூக்கி எறிந்து, அந்தப் படத்தைப் பின்னோக்கி ஓட்டினால்? எல்லாம் தத்தம் இடத்தில் வந்து அமரும்தானே. செய்தேன். காற்றில் வரும்வரை அபாரமாக இருந்தது. தரையைத் தொட்டதும் என்னவோ கெட்டது. அண்ணன் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு, "தரை கல்லை உறிஞ்சுவது போல இருக்கிறது" என்றார். அவர் சொன்னது மிகச் சரி என்று பிறகு யோசித்தபோது புரிந்தது. காற்றில் பறக்கும் பாதை முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒன்றுதான். ஆனால் மோதும்போதும் உராயும்போதும் பொருள் வேகத்தை இழக்கிறது. பின்னோக்கி ஓட்டினால் இழந்த வேகத்தைத் திரும்பப் பெறுகிறது. உலகத்தில் எங்கும் நடக்காத காரியம் அது. பிறந்தது முதல் பொருள்கள் விழுவதைப் பார்த்துப் பழகிய கண் அதை ஒத்துக்கொள்ளாது.

ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தத் தெளிவு இல்லை. கெடு நெருங்கிவிட்டது, பயம் வந்துவிட்டது. ரெண்டரில், அதாவது கணினி ஒவ்வொரு ஃபிரேமையும் இறுதிப் படமாக வரையும்போது, ஒளியும் நிழலும் தூசியும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இந்தப் பொய்யை யாரும் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள வேண்டாம். சாம்பல் நிறப் பெட்டியாக இருக்கும்போது தவறாகத் தெரியும் அசைவு, ரெண்டர் ஆன பிறகு இன்னும் தெளிவாகத் தவறாகத் தெரியும். என் கணினியில் 500 ஃபிரேம்களை முடிக்க நாளாகும் என்பதால், வாடகைக்குக் கணினிகள் தரும் இணையச் சேவை ஒன்றுக்குக் கோப்பை அனுப்பினேன். பதினாறாம் நாள் காலையில் 18,400 ரூபாய்க்குக் கணக்கும், 500 படங்களும் வந்தன. ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஃபிரேமில் கல் தரையில் இருக்கிறது, அடுத்ததில் வானத்தில் இருக்கிறது, அதற்கடுத்ததில் தூணுக்குள் இருக்கிறது. பிழை என்னுடையதுதான். சிமுலேஷனை பேக் செய்யாமல் அனுப்பியிருந்தேன். என் கணினியின் நினைவில் இருந்த ஓட்டம் கோப்போடு போகவில்லை. அங்கே ஒவ்வொரு கணினியும் தனக்குக் கிடைத்த ஃபிரேமிலிருந்து தனித்தனியாகத் தொடங்கியிருக்கிறது. அன்று மாலை வரை கீழே இறங்கவில்லை. சாப்பிடவும் இல்லை. அம்மா மேலே வந்து கதவருகே நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

வாடகைக் கணினிக்கு எதை அனுப்பும் முன்பும், எங்கெங்கிருந்தோ பத்து ஃபிரேம்களைத் தேர்ந்தெடுத்து, 37, 212, 401 என்று முன்பின்னாக, அவற்றை மட்டும் அனுப்பி வாங்கிப் பாருங்கள். இருநூறு முந்நூறு ரூபாயில் முடியும் சோதனை அது. எனக்கு 18,000 ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கும்.

பதினெட்டாம் நாள் கணினியை அணைத்துவிட்டு, பஸ் பிடித்து ஆத்தங்குடிக்குப் போனேன். ஒரு பட்டறையில் வயதான ஒரு கைவினைஞர் வேலை செய்துகொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சை இறக்கி, சிமெண்டில் கலந்த சிவப்பையும் மஞ்சளையும் பச்சையையும் சின்னக் கரண்டியால் அறை அறையாக ஊற்றினார். அச்சைத் தூக்கிய பிறகு ஒரு நிறம் இன்னொன்றோடு சேர்ந்து லேசாக விளிம்பு மாற்றியது. அதன் மேல் மணலும் சிமெண்டும் உலர்ந்த கலவையாகத் தூவி, பிறகு ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டினார். சூளையில் சுடுவதில்லை. உலர்ந்து, தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடி விடுபடும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்துக்கு வந்துவிடும். நான் பார்க்க வந்தது அதை அல்ல. கல் தரையில் எப்படி அமர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றேன். பக்கத்தில் தரை போட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார்.

கல் பாவுகிறவர் ஏறக்குறைய இரண்டு கிலோ கனமுள்ள கல்லைத் தட்டையாக வைக்கவில்லை. முதலில் ஒரு விளிம்பைப் பக்கத்துக் கல்லோடு ஒட்டி ஊன்றினார். பிறகு எதிர் விளிம்பை இறக்கினார். கடைசி விரல் அகலத்தில் கையை விட்டுவிட்டார். 'தப்' என்று ஒரு சத்தம். பிறகு மரக்கட்டையால் இரண்டு தட்டு. கல் துள்ளவில்லை, அணுவளவும் துள்ளவில்லை. ஈரக் கலவை அதை வாங்கிக்கொண்டது. என் சிமுலேஷனில் உயிரோட்டத்துக்காக என்று துள்ளலை 0.3 என்று வைத்திருந்தேன். அதை அவரிடம் காட்டினேன். கைப்பேசியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆத்தா, இந்த உயரத்திலிருந்து விழுந்தால் இந்தக் கல் மூலை உடைந்துவிடும். உன் கல் உடையவும் இல்லை, உட்காரவும் இல்லை" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் பதினெட்டு நாளாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது. இயற்பியல் உண்மையாக நடந்திருந்தால் 144 கல்லும் நொறுங்கியிருக்க வேண்டும். கல் வானத்திலிருந்து விழுந்து தாமரையாவது என்பதே கற்பனை. கற்பனைக்கு இயற்பியலிடம் எதைக் கடன் வாங்க வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது கல்லின் கனம் மட்டும்தான். எங்கே விழுவது, எப்போது விழுவது, எப்படி அமர்வது இவற்றைக் கணினியிடம் கேட்டிருக்கவே கூடாது. அவை என் பொறுப்பு. இந்த இழுபறி எனக்கு மட்டும் வந்ததல்ல. 1988இலேயே ஆண்ட்ரூ விட்கினும் மைக்கேல் காஸும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒரு மேசை விளக்கைத் தாவ வைத்தார்கள். எங்கே புறப்பட வேண்டும், எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைக் கலைஞர் சொல்வார். நடுவிலுள்ள அசைவை, இயற்பியலுக்கு முரணாகாமல், கணினி கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வழி. நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். புறப்படும் இடத்தை மட்டும் கொடுத்துவிட்டு, முடிவுக்காகக் கையேந்தி நின்றேன்.

கல் பாவுவதைக் கைப்பேசியில் மெதுவோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணனுக்குத் தொலைபேசியில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லி, ஆறு நாட்கள் கூடுதலாகக் கேட்டேன். கோபப்பட்டார். திறப்பு விழாவுக்குத் தாமரைத் தரையின் அசையாத படம் ஒன்றைத்தான் கொடுக்க முடிந்தது. அதற்காகக் கூலியில் 20,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். அது நியாயமான தொகை என்றே இன்றும் நினைக்கிறேன். எனக்கு வலித்தது அந்தத் தொகை அல்ல. விழா நாளில் அவர் வீட்டு ஆச்சி அந்த அசையாத திரையின் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம் எனக்கும் வந்தது. அதைப் பார்த்தபோதுதான் வலித்தது.

இரண்டாம் முறை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயன்படக்கூடியது இதுதான். முதலில் மேள ஒலியை வைத்து, எந்த நொடியில் கண் எங்கே இருக்க வேண்டும் என்று குறித்தேன். அந்தக் கணங்களில் திரையில் முன்னால் வரும் கற்கள் மொத்தம் ஒன்பதுதான், நடுக்கல்லையும் சேர்த்து. அந்த ஒன்பதையும் கையாலேயே அசைத்தேன். விழுவதைக் கையால் செய்யும்போது ஒரு பழைய கணக்கு உதவும். சம நேர இடைவெளிகளில் விழும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாகக் கூடும், கலிலியோ கண்டது. 25 ஃபிரேம் ஓட்டத்தில் முதல் ஐந்து ஃபிரேமில் 20 சென்டிமீட்டர், பத்தாவதில் 78, இருபதாவதில் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். இந்த மூன்று எண்ணை ஒட்டி வைத்துக்கொண்டால் சிமுலேஷன் இல்லாமலே கல்லுக்குக் கனம் வந்துவிடும். அமர்வதை ஆத்தங்குடியில் எடுத்த படத்தைப் பார்த்தே செய்தேன்: ஒரு விளிம்பு படும், மூன்று ஃபிரேம் கழித்து எதிர் விளிம்பு படும், ஒரு பாகை எதிர்ப்பக்கம் அசைந்து, அடங்கும். மொத்தம் ஒன்பது ஃபிரேம். துள்ளல் கிடையாது.

மீதி 135 கற்களைச் சிமுலேஷனில் விழவிட்டேன், ஆனால் இடைவெளிவிட்டு, காற்றில் ஒன்றோடொன்று லேசாக மட்டும் உரசும்படி. பிடித்த ஓட்டத்தைக் கீஃப்ரேம்களாக பேக் செய்தேன். அந்த நொடியிலிருந்து சிமுலேஷன் முடிந்தது, அசைவு என் கைக்கு வந்துவிட்டது. பிறகு எந்தக் கல் எந்தக் கட்டத்துக்கு மிக அருகில் இறங்குகிறது என்று பார்த்து, அந்தக் கட்டத்துக்குரிய பூ வடிவை அந்தக் கல்லுக்குப் பூசினேன். குறிப்பிட்ட கல்லைக் குறிப்பிட்ட இடத்துக்கு இழுத்துக்கொண்டு போராடிய ஐந்து நாட்களை இந்த ஒரு மாற்றம் இல்லாமல் செய்திருக்கும். எல்லாக் கல்லும் ஒரே அளவு, ஒரே கனம். தாமரை இதழ் எது என்பது கல்லின் விதி அல்ல, நான் பூசும் வண்ணம்தானே. மிச்சமிருந்த கொஞ்ச நகர்வுக்கு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இலக்குப் புள்ளி வைத்து, கல்லின் இடத்தையும் திருப்பத்தையும் மெல்ல மெல்ல அதனோடு கலந்தேன். இதில் ஓர் உறுதியான விதி வைத்துக்கொண்டேன்: திருத்தம் எல்லாம் காற்றிலேயே முடிந்துவிட வேண்டும். வேகமாக வரும் கல் இரண்டு அங்குலம் விலகினால் கண்ணுக்குத் தெரியாது. தரையைத் தொட்ட பிறகு அரை அங்குலம் நகர்ந்தாலும் வழுக்குவது தெரிந்துவிடும். தொட்ட கணத்திலிருந்து, கையால் செய்த அந்த ஒன்பது ஃபிரேம் அமர்வையே சிறுசிறு வேறுபாட்டோடு எல்லாக் கல்லுக்கும் கொடுத்தேன்.

மேளத்துக்கு ஒத்துவர சில கற்களின் நேரத்தை நீட்டவும் சுருக்கவும் வேண்டியிருந்தது. அதிலும் எல்லை உண்டு. ஓட்டத்தை 1.2 மடங்கு நீட்டினால் புவியீர்ப்பை 1.44ஆல் வகுத்தது போலாகிவிடும், மறுபடியும் பஞ்சு வந்துவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் நான் தொடுவதில்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் கல் புறப்படும் நேரத்தையே தள்ளி வைக்கிறேன். விழும் வேகத்தில் கை வைப்பதில்லை. தூசி, உதிரும் சிமெண்டுப் பொடி, தெறிக்கும் மணல் இவற்றை முழுக்கச் சிமுலேஷனிடமே விட்டுவிட்டேன். அதில் எந்தத் துகள் எங்கே போகிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே கணினி தரும் தற்செயல், கையால் ஒருநாளும் வராத அழகு. சிமுலேஷன் மேல் எனக்குக் கோபம் போனது அந்தத் தூசியைப் பார்த்துத்தான்.

27ஆம் நாள் படத்தைக் கொடுத்தேன். இரண்டாவது ரெண்டருக்கு 9,600 ரூபாய். கூலி 65,000இல் இரண்டு ரெண்டரும் போக மிஞ்சியது 37,000. விட்டுவிட்ட திருமண வேலையின் 30,000 ரூபாயைக் கழித்துப் பார்த்தால், ஒரு மாதம் உழைத்து ஏழாயிரம் ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்திருக்கிறேன். பணத்தில் இன்னொரு பாடமும் உண்டு. சிமுலேஷன் உள்ள வேலைக்கு இப்போது மூன்று தவணை கேட்கிறேன். முதல் தவணை முன்பணம். இரண்டாவது, வண்ணமோ ஒளியோ இல்லாமல் சாம்பல் பெட்டிகளாக அசைவையும் நேரத்தையும் மட்டும் காட்டும் வரைவுக்கு ஒப்புதல் கிடைக்கும்போது. மூன்றாவது, படம் கொடுக்கும்போது. அந்த வரைவுக்குப் பிறகு நேரத்தை மாற்றச் சொன்னால் தனிக் கட்டணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். சொந்தக்காரராக இருந்தாலும் வாங்குகிறேன். அண்ணனே அடுத்த வேலைக்குத் தயங்காமல் கையெழுத்திட்டார்.

அந்த அடுத்த வேலைதான் இப்போது திரையில் இருக்கிறது. அவர் தங்கை நடத்தும் கடைக்கு ஒரு கண்டாங்கிச் சேலை, தூணிலிருந்து சரிந்து தரையில் விரிய வேண்டும். துணி கல்லைவிடப் பொல்லாதது. கண்டாங்கியில் பெரிய பெரிய கட்டங்கள் இருப்பதால், துணி கொஞ்சம் இழுபட்டாலும் சதுரம் நீண்டு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முதலில் சேலை கடைசியாகக் கிடக்க வேண்டிய மடிப்பைக் கையால் வடித்து வைத்துவிட்டேன். முந்தானையும் இரண்டு கரையும் கீஃப்ரேமில் என் பிடியில் இருக்கின்றன. நடுவிலுள்ள கட்டங்கள் மட்டும் சிமுலேஷனில். அம்மாவின் அரக்குக் கண்டாங்கியை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பதினோரு முறை சரியவிட்டுப் படம் எடுத்தாயிற்று. ஏழாவது முறை கரை ஒரு கணம் காற்றை வாங்கி உப்பி, பிறகு அடங்கியது. அந்த ஒரு கணம் வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பல் வரைவு போகிறது. நோட்டுப் புத்தகத்தில் இதுவரை பத்தொன்பது வரிகள்.